பழைய வெல்டில் குறை தெரிந்தால்: விடுவதா, அரைப்பதா, திரும்ப அடிப்பதா, வெட்டுவதா?

ஷட்டவுனில் ஒரு அழுத்தத் தொட்டியைத் திறந்து, நீளவாக்கு வெல்டின் மேல் யூ.டி. (மீயொலிச் சோதனை) புரோப் ஓட்டுகிறார்கள். 25 மி.மீ. தகடு. ஓரிடத்தில் திரையில் ஒரு முனை எழும்புகிறது. டெக்னீஷியன் முன்னும் பின்னும் புரோப்பை நகர்த்திப் பார்த்துவிட்டு, மஞ்சள் சாக்பீஸால் அந்த இடத்தில் கோடு போட்டுப் பக்கத்தில் எழுதுகிறார்: நீளம் 40 மி.மீ., ஆழம் 10, தடிமன் திசையில் உயரம் 6. ஸ்லாக் கோடு. வெல்டுக்குள் சிக்கிய கசடு அது. அவர் சாக்பீஸைச் சட்டைப் பையில் போடுவதற்குள் ஃபோர்மேன், வெல்டைத் தோண்டும் கௌஜிங் ராடு எடுத்துவர ஆளை அனுப்பிவிடுகிறார்.

திருச்சி துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளிலும் ஷட்டவுன் வேலைகளிலும் இருபது ஆண்டுகள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். குறை தெரிந்தால் தோண்டு, திரும்ப அடி. எல்லோர் கையும் தானாகவே அங்கேதான் போகிறது. நான் இதை எழுதுவது அந்தக் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துவதற்காக. நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. அப்படியே விட்டுக் கண்காணிப்பது, அரைத்து மழுங்கடித்து நிரப்பாமல் விடுவது, தோண்டித் திரும்ப வெல்டு அடிப்பது, அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துப் புதிதாகப் பொருத்துவது. மூன்றாவது வழி பார்வைக்குப் பத்திரமானது. பல சமயம் நான்கிலும் ஆபத்தானது அதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பட்டறையில் இப்போதுதான் செய்துகொண்டிருக்கும் புது வெல்டுக்கு இந்தப் பேச்சே கிடையாது. அங்கே கோடு கிழித்தாற்போல் கோட், அதாவது விதிநூல், இருக்கிறது. அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. கோடில் அழுத்தத் தொட்டிகளுக்கான எட்டாம் பிரிவுப்படி 25 மி.மீ. தகட்டில், முழு எக்ஸ்ரே வேலைக்கு, ஸ்லாக் கோட்டின் நீளம் தகட்டுத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது சுமார் 8 மி.மீ. வரை இருக்கலாம். விரிசலும் ஃபியூஷன் ஆகாத இடமும் எந்த நீளத்திலும் கூடாது. 40 மி.மீ. கோடு வந்தால் திருத்தியே ஆக வேண்டும். அந்த எண்கள் வெல்டரின் வேலைத் தரத்தைப் பிடித்து வைப்பதற்காக எழுதப்பட்டவை. எந்தக் குறை தொட்டியை உடைக்கும் என்ற கணக்கு அவற்றுக்குள் இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி, பாலம், கிரேன் கர்டர் ஆகியவற்றில் குறை தெரியவரும்போதுதான் உடைக்குமா என்ற கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கென்றே பி.எஸ். 7910, ஏ.பி.ஐ. 579 என்று நெறிமுறைகள் இருக்கின்றன.

ஒரு குறை எஃகு இணைப்பின் முறிவு எதிர்ப்பை எவ்வளவு குறைக்கிறது என்பதை மூன்று விஷயங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. குறையின் வடிவமும் இடமும் ஒன்று. அந்த இடத்தில் இழுக்கும் தகைவு இன்னொன்று. அங்கே இருக்கும் உலோகத்தின் டஃப்னஸ், அதாவது விரிசல் ஓடாமல் தடுக்கும் குணம், மூன்றாவது. சாக்பீஸ் எழுத்தில் இருப்பது முதலாவது மட்டும்தான்.

வடிவத்தைப் பார்ப்போம். போரோசிட்டி, அதாவது வெல்டுக்குள் மாட்டிக்கொண்ட வாயுக் குமிழ், எக்ஸ்ரே ஃபிலிமில் கரும்புள்ளிகளாகத் தெரிந்து பார்க்கிறவரைப் பதற வைக்கும். ஆனால் அது உருண்டை. உருண்டைக் குழிக்குக் கூர்முனை கிடையாது, தகைவு அதைச் சுற்றி வளைந்து போய்விடும். பரப்பில் சில சதவீதம் குமிழாக இருந்தாலும் இணைப்பின் இழுவலிமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஸ்லாக் நீளமாக இருந்தாலும் ஓரங்கள் பெரும்பாலும் மழுங்கியவை. ஃபியூஷன் ஆகாத இடம் வேறு ஜாதி. தகட்டின் சுவரில் உலோகம் ஒட்டாமல் நின்ற ஒரு தட்டையான பிளவு அது, கத்தி வாய் போல. சுவரோடு சாய்ந்து கிடப்பதால் எக்ஸ்ரே கதிர் சரியான கோணத்தில் விழாவிட்டால் ஃபிலிமில் தெரியாமலே போகும். ரூட், அதாவது வெல்டின் அடி, நிறையாமல் விட்ட இடமும் அப்படித்தான். விரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவது பெரும்பாலும் பாவம் அறியாதது. உடைக்கப்போவது அழகான பீடுக்கு அடியில் படுத்திருக்கும்.

இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே அளவுப் பிளவு தகட்டின் நடுவில் புதைந்திருப்பதும் மேற்பரப்பில் வாய் திறந்திருப்பதும் ஒன்றல்ல. நான் சொன்ன தொட்டியையே எடுத்துக்கொள்வோம். எஸ்.ஏ. 516 கிரேடு 70 தகடு, யீல்டு, அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு, 260 மெகாபாஸ்கல். உள்ளழுத்தத்தால் நீளவாக்கு வெல்டின் குறுக்கே விழும் தகைவு சுமார் 140. வெல்டு ஆறிச் சுருங்கும்போது உள்ளே தங்கிவிட்ட இழுப்பு, மோசமான நிலையை வைத்தால், யீல்டு அளவுக்கே இருக்கும். இரண்டையும் கூட்டினால் 400. எஸ்.ஆர். (வெல்டைச் சூடேற்றித் தங்கிய இழுப்பைத் தணிப்பது) செய்யாத வெல்டு என்பதால்தான் இவ்வளவு. 6 மி.மீ. உயரக் குறை நடுவில் புதைந்திருந்தால், அதைக் கூர்மையான விரிசல் என்றே பாவித்துப் போட்டாலும், அதன் முனையில் விழும் பாரம் சுமார் 39 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர். அதே 6 மி.மீ. மேற்பரப்பில் வாய் திறந்திருந்தால் 61 அல்லது 62. தகட்டுத் தடிமனுக்கான திருத்தத்தையும் சேர்த்தால் இன்னும் ஏறும்.

எதிர்ப்பக்கத்தில் டஃப்னஸ். சார்ப்பி சோதனையில், அதாவது வெட்டுப்போட்ட துண்டைச் சம்மட்டியால் அடித்து உடைக்கும் சோதனையில், 27 ஜூல் தரும் உலோகத்துக்கு, பி.எஸ். 7910-இல் உள்ள கீழ்வரம்புச் சூத்திரப்படி 25 மி.மீ. தடிமனில், தாங்கும் அளவு சுமார் 62. வெறும் 10 ஜூல்தான் என்றால் 38. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதைந்த குறை 27 ஜூல் உலோகத்தில் 39-க்கு 62 என்று நிம்மதியாக இருக்கிறது. வாய் திறந்த குறை அதே உலோகத்தில் விளிம்பில் நிற்கிறது. புதைந்த குறையே 10 ஜூல் உலோகத்தில் இருந்தால் உடைந்துவிடும். சாக்பீஸில் எழுதிய 6 என்ற எண் மூன்று இடத்திலும் ஒன்றுதான். அதே தொட்டியை எஸ்.ஆர். செய்திருந்தால் தங்கிய இழுப்பு யீல்டில் ஐந்தில் ஒரு பங்காக இறங்கும், மொத்தத் தகைவு 190 பக்கம் வரும், புதைந்த குறையின் பாரம் 19-க்குக் கீழே போய்விடும். இது பென்சில் கணக்கு, உண்மையான மதிப்பீட்டில் இன்னும் பல திருத்தங்கள் வரும். ஆனால் எந்தத் திசையில் யோசிக்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

டஃப்னஸை மறந்துவிட்டு வெல்டரை மட்டும் திட்டுவது பழைய பழக்கம். 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் துறையில் அமைதியாக நின்றிருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது. அந்தப் போர்க்காலத்தில் லிபர்ட்டி கப்பல்கள் பலவற்றிலும் விரிசல் ஓடியது. ரிவிட்டை விட்டு வெல்டிங்குக்குப் போனதுதான் தப்பு என்று பேசினார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர் அந்தத் தகடுகளைச் சோதித்து, அந்த எஃகே குளிரில் கண்ணாடி போல நொறுங்கும் நிலைக்குப் போகிறது என்று காட்டினார். வெல்டு குறைகள் தொடங்கி வைத்தன. ஆனால் விரிசல் நிற்காமல் ஓடியது தகட்டின் குணத்தால். 1994 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், வளைந்து தாங்கும் என்று நம்பப்பட்ட எஃகுச் சட்டகக் கட்டடங்களில் பீமும் தூணும் சேரும் இடத்தில் வெல்டுகள் முறிந்தன. வெல்டுக்கு அடியில் வைத்த பேக்கிங் பட்டையை எடுக்காமல் விட்டதால் ரூட்டில் ஒரு பிளவு இயல்பாகவே இருந்தது. ஊற்றிய ஃபில்லர் உலோகத்துக்கோ சார்ப்பி நிபந்தனையே கிடையாது. குறை, குறைந்த டஃப்னஸ், பெரிய இழுப்பு மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிட்டன. அதன் பிறகு முக்கிய இணைப்புகளின் ஃபில்லருக்கு அறை வெப்பநிலையில் 54 ஜூல் கேட்கத் தொடங்கினார்கள்.

நம் ஊர் வெயில் இந்த விஷயத்தில் ஒரு கொடை. 30 டிகிரியில் நல்ல 516 தகடு 27 ஜூலுக்கு வெகு மேலே நிற்கும். ஆனால் அதை நம்பிக் கண்ணை மூடக் கூடாது. எல்.பி.ஜி. தொட்டியில் அழுத்தம் திடீரென இறங்கினால் உள்ளே இருக்கும் புரொப்பேன் கொதித்து மைனஸ் 42 டிகிரி வரை சுவரைக் குளிர்விக்கும். அப்போது மணப்பாறை வெயில் உதவாது. ஐ.எஸ். 2062 தகடு வாங்கும்போது ஏ தரத்துக்குச் சார்ப்பி சோதனையே இல்லை, பி0 தரத்துக்கு 0 டிகிரியில், சி தரத்துக்கு மைனஸ் 20-இல் சோதனை உண்டு. தொட்டியின் பழைய மில் சான்றிதழைத் தேடிப் பிடிப்பது அரை நாள் வேலை. அந்த அரை நாளில் நான்கு வழிகளில் இரண்டு தானாகவே கழிந்துவிடும்.

இப்போது வழிகளுக்கு வருகிறேன்.

அப்படியே விடுவது கோழைத்தனமும் இல்லை, சோம்பலும் இல்லை. என் தொட்டியில் இருந்த ஸ்லாக் கோடு அந்தத் தொட்டி பிறந்த நாளிலிருந்து அங்கேயே இருந்தது. ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஹைட்ரோ டெஸ்ட் பார்த்திருக்கிறது, பல ஆண்டுகள் ஓடியிருக்கிறது. அந்தக் காலத்து எக்ஸ்ரேயில் தப்பியது இன்றைய யூ.டி.யில் சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான். விட முடியுமா என்று தீர்மானிக்க உயரம் தெரிய வேண்டும். எக்ஸ்ரே நீளத்தையும் அகலத்தையும் காட்டும், தடிமன் திசையில் எவ்வளவு என்று சொல்லாது. முறிவுக் கணக்குக்கு வேண்டியது அந்த உயரம்தான். ஆகவே இந்த வழிக்குப் போகிறவர்கள் உயரத்தை அளக்கும் டி.ஓ.எஃப்.டி. அல்லது ஃபேஸ்டு அரே என்ற யூ.டி. முறைகளின் செலவை ஒதுக்கியே ஆக வேண்டும்.

விடக் கூடாத இடம் ஒன்று உண்டு. தகைவு ஏறி இறங்கி ஏறி இறங்கி அடிக்கும் இடம். கிரேன் கர்டர், அதிரும் பைப், அலையில் ஆடும் மேடை. அங்கே குறை இன்று சிறியது என்பது நாளைக்கு ஒன்றும் சொல்லாது. 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் தங்குமேடை கவிழ்ந்து, அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். முறிந்தது ஒரு பெரிய குழாய்த் தாங்கி. அந்த முறிவு தொடங்கியது, ஹைட்ரோஃபோன் என்ற ஒலிவாங்கிக் கருவியைப் பிடித்துக்கொள்ள வைத்த சிறு துண்டின் 6 மி.மீ. ஃபில்லட் (மூலை) வெல்டில். அந்த வெல்டின் விரிசலுக்குள் பெயிண்ட் படிந்திருந்தது. மேடை கட்டப்பட்டபோதே விரிசல் அங்கே இருந்திருக்கிறது, அதன் மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சுமையே தாங்காத துணைப் பாகம் என்று அந்த வெல்டை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அலைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அரைத்து விடுவது எனக்குப் பிடித்த வழி. நம் ஆட்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவதும் இதுதான். வெல்டின் ஓரத்தில் அண்டர்கட் என்ற பள்ளம், டோவில் (வெல்டு தகட்டைத் தொடும் விளிம்பில்) ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழ விரிசல், ஆர்க் அடித்த தழும்பு, கழற்றிய கிளீட்டின் மிச்சம் என்று மேற்பரப்புக் குறை எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது, அதை அரைத்து எடுத்தபின் மிஞ்சும் தடிமன் போதுமா என்பது. தொட்டிகளில் பெரும்பாலும் போதும். டிசைன் தடிமனுக்கு மேலே துருவுக்கென்று விட்ட கூடுதல் தடிமன் மிச்சம் இருக்கும். பெரிய வீல் கிரைண்டரை வைத்து இழுக்காமல், சிறு முனையுள்ள பர் கிரைண்டரால் மெல்ல எடுக்க வேண்டும். விரிசல் போனபின் இன்னும் அரை மி.மீ. கூடுதலாக எடுத்து, டி.பி. டெஸ்டோ (சாயச் சோதனை) எம்.பி.ஐ.யோ (காந்தத் துகள் சோதனை) பார்த்து, பிறகு பள்ளத்தின் ஓரங்களைச் சரிவாக இழைக்க வேண்டும். கை வைத்துத் தடவினால் விரல் எங்கும் தடுக்கக் கூடாது. கடைசி கீறல்கள் தகைவின் திசையிலேயே ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் அந்தக் கீறலே அடுத்த விரிசலுக்கு விதை. ஒரு நல்ல பர் கிரைண்டர்காரர் இதை ஒரு மணி நேரத்தில் முடிப்பார். புது வெப்பம் கிடையாது, ஹைட்ரஜன் கிடையாது, புது இழுப்பு கிடையாது.

டோ விரிசல் என்ன செய்யும் என்பதற்கு மெல்பர்னின் கிங் ஸ்ட்ரீட் பாலம் சாட்சி. 1961-இல் திறந்து, 1962 ஜூலை 10 அன்று குளிர் காலைப் பொழுதில் சுமார் 45 டன் வண்டி ஒன்று ஏறியபோது கர்டர்கள் முறிந்து ஒரு ஸ்பான் தொய்ந்து உட்கார்ந்தது. கவர் தகடு முடியும் இடத்தில் குறுக்கே போட்ட ஃபில்லட் வெல்டின் டோவில்தான் தொடக்கம். சில விரிசல்கள் வெல்டு அடித்தபோதே உண்டானவை, பரிசோதனையில் கண்ணில் படாமல் போனவை. உயிர்ச்சேதம் இல்லை. ஃபேப்ரிகேஷன் பட்டறையிலேயே அந்த டோக்களை எம்.பி.ஐ. பார்த்து அரைத்திருந்தால் செலவு ஒரு கிரைண்டிங் வீலில் முடிந்திருக்கும்.

புதைந்த குறைக்கு இந்த வழி ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். 10 மி.மீ. ஆழத்தில் இருக்கும் ஸ்லாக்கை எடுக்கப் பள்ளம் தோண்டினால் நிரப்பாமல் விட முடியாது. அங்கேதான் மூன்றாவது வழி வருகிறது.

திரும்ப அடிக்கும் வெல்டு என்ன கொண்டுவரும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் வெல்டு அடித்தபோது இரண்டு தகடுகளும் ஓரளவு நகர இடம் இருந்தது. இப்போது சுற்றிலும் 25 மி.மீ. எஃகு இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு குழிக்குள் உருகிய உலோகத்தை ஊற்றுகிறோம். அது சுருங்க இடமே இல்லை. அதனால் குழி எவ்வளவு குட்டையோ குறுக்கு இழுப்பு அவ்வளவு அதிகம். குறையின் நீளத்துக்கு மட்டும் சின்னதாகத் தோண்டினால் தொட்டிக்கு நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. நீளமாகத் தோண்டி இரு முனையையும் சாய்வாக ஏற்றி விட்டால் இழுப்பு குறையும். அடுத்தது, குழியின் சுவர் வேகமாக ஆறிக் கடினமாகிவிடும். கடினமான ஓரம், பெரிய இழுப்பு, ராடின் ஈரத்திலிருந்து ஹைட்ரஜன். விரிசலுக்கு வேண்டிய மூன்றும் ரிப்பேர்க்காரரே கொண்டுவந்து வைத்தவை. கௌஜிங்கில் சுவரில் படிந்த கார்பனை அரைத்து எடுக்காமல் விட்டால் நான்காவதும் சேரும்.

இதற்கு ரோமியோவில் என்ற ஊரின் தொட்டியைத் தவிர வேறு உதாரணம் தேவையில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அங்கே அமீன் அப்சார்பர் என்ற உயரமான தொட்டி, 25 மி.மீ. தடிமன், 516 கிரேடு 70 தகடு. என் தொட்டியும் அதே தகடு, அதே தடிமன் என்பதால்தான் இந்தக் கதை என்னை விடுவதில்லை. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த வாயு. அதனால் சுவரில் கொப்புளம் போல உப்பல்கள் வந்து, 1974-இல் ஒரு வளையத்தையே வெட்டி எடுத்து அந்த இடத்திலேயே புது வளையம் பொருத்தி வெல்டு அடித்தார்கள். அந்தத் தடிமனுக்கு எஸ்.ஆர். கோட்படி கட்டாயம் இல்லை, செய்யவில்லை. வெல்டின் ஓரத்தில் கடினமான ஒரு பட்டை உருவாகி நின்றது. பத்து ஆண்டுகள் அந்த வாயுவிலிருந்து ஹைட்ரஜன் அந்தப் பட்டைக்குள் ஊறி ஊறி விரிசல் வளர்ந்தது. 1984 ஜூலை 23 அன்று மாலை ஒரு ஆபரேட்டர் அந்த வெல்டருகே கசிவைப் பார்த்து வால்வை மூடப் போனார். ஆலையின் தீயணைப்புக் குழு வந்து சேர்ந்த நேரத்தில் தொட்டி சுற்றளவில் அறுந்து, மேல்பாதி ராக்கெட் போலப் பறந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்தது. 17 பேர் இறந்தார்கள், தீயணைக்க வந்தவர்களும் அவர்களில் உண்டு. வெடிப்புக்குக் காரணமான விரிசல் தொட்டி முதலில் செய்த வெல்டிலிருந்து வரவில்லை. ரிப்பேர் வெல்டிலிருந்து வந்தது.

என் கையெழுத்தோடு நடந்த ஒன்றையும் சொல்கிறேன். மேலே சொன்ன 40 மி.மீ. ஸ்லாக் கோடுதான். நவம்பர் மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன், ஷட்டவுன் அட்டவணையில் அதற்கு நாள் இல்லை என்றார்கள், நானும் ஒப்புக்கொண்டேன். கௌஜ் செய்து, 7018 என்ற குறைந்த ஹைட்ரஜன் ராடால் நிரப்பினார்கள். ராடுகள் போர்ட்டபிள் ஓவனில் இருந்தன. அந்த ஓவனின் பிளக்கை யாரோ பிடுங்கிவிட்டுக் கிரைண்டரைச் சொருகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் போய்த் தொட்டபோது ஓவன் கை சூடு கூட இல்லை. அதற்குள் முக்கால் குழி நிரம்பிவிட்டது. மேலே மட்டும் ப்ரீஹீட் (முன்சூடு) செய்தார்கள், குறித்த சூட்டில் உருகும் தெர்மல் சாக் உருகியதைப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். பின்பக்கம் மழைக்காற்றில் குளிர்ந்து கிடந்தது. அன்று மாலையே டி.பி. டெஸ்ட், சுத்தம். நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை, வேறு வேலையாக அங்கே எம்.பி.ஐ. செய்துகொண்டிருந்த பையன் தற்செயலாக அந்த இடத்தையும் பார்த்துவிட்டு, “சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்க” என்றான். ரிப்பேரின் முனையில், டோவை ஒட்டி, 22 மி.மீ. நீளத்தில் முடி போல ஒரு கோடு. ஹைட்ரஜன் விரிசல். வெல்டு ஆறியபின் ஹைட்ரஜன் மெல்ல ஊர்ந்து சேர்ந்து பிளக்க ஒரு நாள், இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இப்படிப்பட்ட வெல்டில் கடைசி சோதனையை 48 மணி நேரம் கழித்துச் செய்ய வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது தெரியாததா? தெரியும். நடுவில் புதைந்திருந்த மழுங்கிய ஸ்லாக்கை எடுத்துவிட்டு, மேற்பரப்பில் வாய் திறந்த கூரிய விரிசலை வைத்துவிட்டோம். முன்னால் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். 39 இருந்த இடத்தில் 60-ஐ நோக்கிப் போகக்கூடியதைக் கொண்டுவந்திருக்கிறோம், அதுவும் டஃப்னஸ் குறைந்த ஓரத்தில்.

இரண்டாம் முறை சரியாகச் செய்தோம். செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மூன்றாவது வழியில்தான் போயாக வேண்டும் என்கிறவர்களுக்கு உதவும். 7018 ராடை மதர் ஓவனில் 350 டிகிரி பக்கம் இரண்டு மணி நேரம் சுட்டு, 120-க்குக் குறையாமல் வைத்திருந்து, வெல்டர் கைக்கு ஒரு தடவைக்குப் பத்து ராடுக்கு மேல் கொடுக்கவில்லை. வெளியே எடுத்து நான்கு மணி நேரம் தாண்டினால் திரும்ப ஓவனுக்கு. குழியைச் சுற்றி இரு பக்கமும் 120 டிகிரி வரை சூடேற்றி, குழியிலிருந்து 75 மி.மீ. தள்ளி, தகட்டின் பின்பக்கத்திலும் அளந்தோம். முதல் அடுக்கைச் சிறிய ராடால் போட்டு, பாதி உயரம் அரைத்துவிட்டு, அடுத்த அடுக்கைக் கொஞ்சம் பெரிய ராடால் போட்டோம். மேலே வரும் அடுக்கின் சூடு கீழே கடினமான ஓரத்தைப் பதப்படுத்தும். இதை டெம்பர் பீடு என்பார்கள். எஸ்.ஆர். செய்ய முடியாத இடத்தில் இதுவே அடுத்த நல்லது, எஸ்.ஆருக்கு ஈடு என்று நான் சொல்ல மாட்டேன். முடித்ததும் ஆறவிடாமல் 250 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, செராமிக் கம்பளியால் மூடி மெல்ல ஆறவிட்டோம். 48 மணி நேரம் காத்திருந்து எம்.பி.ஐ.யும் யூ.டி.யும் பார்த்தோம். நான்கு நாள். முதலிலேயே கணக்குப் போட்டிருந்தால் ஒன்றரை நாள்.

இந்த நான்கு நாளை ஒதுக்க முடியாத ஷட்டவுனில் தோண்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாதி ரிப்பேர் என்ற ஒன்று கிடையாது. அமீன், புளிப்பு வாயு, காஸ்டிக் போன்றவை ஓடும் தொட்டியாக இருந்தால் எஸ்.ஆர். இல்லாத ரிப்பேர் வெல்டை, கோட் அனுமதித்தாலும், நான் ஏற்க மாட்டேன். ரோமியோவிலிலும் தடிமன் கணக்கில் கோட் அனுமதித்துத்தான் இருந்தது.

வெட்டி எடுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறை ஓரிடத்தில் நிற்காமல் வெல்டு நீளம் முழுக்க ஃபியூஷன் ஆகாமல் கிடந்தால், ஒரே இடத்தில் இரண்டு தடவை ரிப்பேர் செய்து மூன்றாவது வந்து நின்றால், அல்லது சார்ப்பி பார்த்ததில் தகடே தேறாது என்று தெரிந்தால், வெட்டுவதுதான் மரியாதை. மூன்றாவது தடவை அதே இடத்தைச் சூடேற்றுவது நல்ல உலோகத்தையும் கெடுக்கும். ஆனால் ரோமியோவிலில் செய்ததும் வெட்டிப் பொருத்தியதுதான் என்பதை மறக்க வேண்டாம். புது வளையத்தோடு சுற்றிவர இரண்டு புது வெல்டுகளும் வரும், அவை இரண்டுக்கும் மூன்றாவது வழியின் நிபந்தனைகள் அத்தனையும் பொருந்தும். முடிந்தால் வளையம் பொருத்திய பகுதியைச் சுற்றி ஹீட்டிங் பேடு கட்டி 595 டிகிரிக்குக் குறையாமல் எஸ்.ஆர். செய்துவிடுங்கள். பாய்லர் என்றால் ஐ.பி.ஆர். என்ற இந்திய பாய்லர் விதிகளின்படி பாய்லர் இன்ஸ்பெக்டர் அனுமதி இல்லாமல் கட்டரையே எடுக்க முடியாது, அதற்கான நாளையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தொட்டியில் அதே நீளவாக்கு வெல்டில், ரிப்பேர் செய்த இடத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு ஸ்லாக் கோடும் இருந்தது. நீளம் 30, ஆழம் 12, உயரம் 4. முதல் அனுபவத்துக்குப் பிறகு அதன் பக்கம் கௌஜிங் ராடைக் கொண்டுபோக யாருக்கும் மனம் வரவில்லை. மில் சான்றிதழைத் தேடி எடுத்தோம், சார்ப்பி எண் கிடைத்தது, உயரத்தை டி.ஓ.எஃப்.டி.யில் உறுதி செய்தோம். கணக்கில் நிறைய இடைவெளி இருந்தது. தொட்டியின் அழுத்தம் நாள் முழுக்க ஒரே சீராக நிற்பது, ஏறி இறங்குவது இல்லை. பொறுப்பான பொறியாளர் கையெழுத்தோடு விட்டுவைத்தோம், இடத்தைத் தகட்டில் பஞ்ச் அடித்துக் குறித்தோம். இதுவரை மூன்று ஷட்டவுனில் திரும்ப அளந்தாயிற்று. உயரம் 4-தான்.